பாதிரிச் சிலந்தியின் சபை வரலாறு

1832ஆம் வருஷம் அமெரிக்காவில் ஓர் எட்டுக்கால் பூச்சிக்கு ஞானஸ்நானம் நடந்தது. நடத்திவைத்தவர் குருவானவர் அல்ல. பெண்சாதியோடு சேர்ந்து பெண்கள் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், நிக்கோலஸ் மார்செல்லஸ் ஹென்ட்ஸ். பேராசிரியர் சில்லிமன் நடத்திவந்த அறிவியல் இதழில் வட அமெரிக்கச் சிலந்திகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வந்த ஒரு பூச்சிக்கு உடம்பெல்லாம் கறுப்பும் சாம்பலுமாக மென்மயிர். முதுகின் நடுவில், ஓரம் நெளிந்த ஒரு வெள்ளைப் பட்டை. அந்தக் காலத்துப் பாதிரிமார் கறுப்பு அங்கிக்கு மேலே கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் துணியை அச்சில் வார்த்து ஒட்டின மாதிரி. போதாததற்குப் பின்பக்கம், நூல் விடும் இடத்துக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு பொட்டு வேறு. ஹென்ட்ஸ் யோசிக்கவே இல்லை. ஹெர்பில்லஸ் எக்லீசியாஸ்டிகஸ் என்று பெயர் வைத்துவிட்டார். முன்பாதி அவரே புதிதாக உண்டாக்கிய பேரினம், பின்பாதி சபைக்காரர் என்கிற பட்டம். ஊரார் சுருக்கிப் ‘பார்சன் ஸ்பைடர்’ என்றார்கள். நமக்குப் பாதிரிச் சிலந்தி.

நடத்தையைப் பார்த்தால் பாதிரியார் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பகலெல்லாம் கல்லுக்கடியிலோ மரப்பட்டைக்கடியிலோ ஒரு பட்டுப்பை நெய்துகொண்டு உள்ளே உறக்கம். ராத்திரியானால் ஊர்சுற்றல். வலை கட்டி உட்கார்ந்து, இரை தானாக வந்து விழட்டும் என்று காத்திருக்கும் பொறுமை கிடையாது, ஓடித்தான் பிடிக்கும். உடம்பு ஒரு செண்டிமீட்டர் சுமார், பெண் கொஞ்சம் பெரிசு. துரத்தினால் நேராக ஓடாது. வெட்டி வெட்டித் திரும்பும். துடைப்பம் விழுகிற இடத்தில் அது இருக்காது. குளிர் வந்துவிட்டால் வீடுகளுக்குள் அழைப்பில்லாமல் புகுந்துவிடும். கையில் அகப்பட்டு நசுங்கினால் கடிக்கும்; பெரிய ஆபத்தில்லை.

இதன் குடும்பத்துக்கு நாஃபோசிடே என்று பெயர், தரைச் சிலந்திகள். இந்தக் குடும்பத்தாருக்கு ஒரு ரவுடித்தனம் உண்டு. மற்ற சிலந்திகளுக்குப் பின்பக்கத்து நூற்புக்குமிழ்கள் ஒன்றாகக் குவிந்திருக்கும். இவற்றுக்கு முன்ஜோடி இரண்டும் தனித்தனிக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றிலிருந்து வருவது வழக்கமான மெல்லிழை அல்ல, பிசுபிசுவென்று ஒட்டும் பட்டை. பலத்த எதிரி எதிரே வந்தால் நேரே மோதுவதில்லை. சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே எதிரியின் காலையும் வாயையும் பிசின் பட்டையால் ஒட்டிப்போட்டுவிட்டு, அப்புறம்தான் கடி. சக சிலந்திகளையே இப்படிக் கட்டிச் சாப்பிடுவதுண்டு.

குடும்பத்தின் மூலவர் மட்டும் நிஜமான சாமியார். நாஃபோசா என்ற பேரினத்தை 1804இல் உண்டாக்கியவர் பியேர் ஆந்த்ரே லத்ரேய், 1786இல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள், ‘அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடு’ என்றார்கள். இவர் எடுக்கவில்லை. போர்டோ சிறையில் போட்டார்கள். அங்கே 1794இல் ஒருநாள் சிறை மருத்துவர் கைதிகளைப் பார்க்க வந்தபோது இவர் தரையில் ஊர்ந்த ஒரு வண்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்றால், அபூர்வமான வண்டாம். மருத்துவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான், போரி தெ சேன்-வேன்சான், 15 வயசு, பூச்சிப் பைத்தியம். வண்டு அவன் கைக்குப் போயிற்று. லத்ரேயின் எழுத்துகளை அவன் ஏற்கெனவே படித்திருந்தான். தெரிந்த பெரிய மனிதர்களைப் பிடித்து ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டான். ஜெபம் செய்து சிறைக்கதவு திறந்த கதைகள் வேதத்தில் உண்டு. இந்தச் சாமியாருக்குக் கதவைத் திறந்தது பிணத்தையும் காய்ந்த இறைச்சியையும் தின்று வாழும் நெக்ரோபியா ரூஃபிகோலிஸ். பாரிஸில் அவருடைய கல்லறையில் இரட்சகர் என்று பொறித்திருப்பது அந்த வண்டைத்தான்.

ஹென்ட்ஸுக்கு வருவோம். இந்த மனிதரை இரண்டு வரியில் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

1797இல் வெர்சாயில் பிறந்தார். பாரிஸில் கொஞ்சம் மருத்துவம் படித்தார், கூடவே மணிபர்ஸ் அளவில் முகச்சித்திரம் வரையும் கலையும். நெப்போலியன் கதை முடிந்ததும் குடும்பம் 1816இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார், படம் வரையச் சொல்லிக்கொடுத்தார், ஹார்வர்டில் மறுபடி மருத்துவத்தில் நுழைந்து பாதியில் வெளியே வந்தார். 1825இல் செவ்விந்திய அரசன் ஒருவனைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். முதலையை அறுத்துப் பார்த்தும் எழுதினார். அவருக்குப் பூச்சிகளைக் கண்டால் கால் நகராது; அவற்றிலும் சிலந்திகள் என்றால் உயிர். அமெரிக்காவில் அப்போது சிலந்திக்காக நேரம் செலவழிக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று சொல்லலாம். போட்டி இல்லாத துறை. பிழைப்பும் இல்லாத துறை.

1824இல் கரோலின் லீ வைட்டிங் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தம்மாள் பின்னால் கரோலின் லீ ஹென்ட்ஸ் என்று அமெரிக்கா முழுக்க விற்ற நாவலாசிரியை. 1826இல் வடக்குக் கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் கணவர் நவீன மொழிகளுக்குப் பேராசிரியர். அந்த ஊருக்கு ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்ற அடிமை பழம் விற்க வருவார். மாணவர்களுக்குக் காதல் கவிதை வாயாலேயே கட்டிக்கொடுத்துக் காசு வாங்குவார். காதலியின் பெயரெழுத்துகள் வரிக்கு வரி முதலில் நிற்கிற மாதிரி. கரோலின் அவருடைய கவிதைகளைக் காகிதத்தில் ஏற்றித் தன் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பி அச்சேற்றினார். 1829இல் ஹார்ட்டனின் புத்தகமே வந்தது. அடேயப்பா என்று நாம் கைதட்டுவதற்குள் 1854 வந்துவிடுகிறது. ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலுக்குப் பதிலடியாக, அடிமைகள் எஜமானர் நிழலில் எவ்வளவு சுகமாக இருக்கிறார்கள் என்று இதே அம்மாள் ஒரு தடித்த நாவல் எழுதினார். பதிலடி வாங்கிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் இவரும் ஒரு காலத்தில் சின்சினாட்டியில் ஒரே இலக்கியக் குழுவில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். அறிவியல் வரலாற்றில் பூச்சிக்காரக் கணவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரு வகையில் நல்லதாயிற்று.

அந்த இலக்கியக் குழுதான் குடும்பத்தில் குண்டும் வைத்தது. ஹென்ட்ஸுக்குச் சந்தேகப் புத்தி. சாதாரணச் சந்தேகம் இல்லை, சாப்பாட்டுத் தட்டு பறக்கிற ரகம். குடும்பக் குறிப்புகள் சொல்கிறபடி, கிங் என்ற கர்னல் ஒருவர் கரோலினுக்கு எழுதிய சீட்டு புருஷன் கண்ணில் பட்டுவிட்டது. ரகளை. சின்சினாட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டு 1834இல் அலபாமாவின் ஃபிளாரன்ஸ் ஊருக்கு மூட்டை கட்டினார்கள். அங்கே ஒரு பள்ளி. பிறகு டஸ்கலூசாவில் ஒரு பள்ளி. பிறகு டஸ்கீகி. பிறகு ஜார்ஜியாவின் கொலம்பஸ். போகிற ஊரிலெல்லாம் மனைவி பாடம் நடத்தினார், விடுதிப் பெண்களைக் கவனித்தார், பிள்ளை பெற்றார், நாவல் எழுதினார். கணவர் பக்கத்துக் காட்டில் கல்லைப் புரட்டினார்.

சிலந்தி ஆராய்ச்சிக்கு இந்தச் சந்தேகப் புத்தி செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. கர்னலின் சீட்டு மட்டும் பிடிபடாமல் போயிருந்தால் அமெரிக்காவின் தெற்கு மாநிலச் சிலந்திகள் எத்தனையோ காலம் பெயரில்லாமல் திரிந்திருக்கும். 1842 முதல் பாஸ்டன் இயற்கை வரலாற்று இதழில் ஹென்ட்ஸின் விவரங்கள் தவணை தவணையாக வந்தன, அவரே வரைந்த படங்களோடு. அதற்குள் உடம்பும் நரம்பும் தளர்ந்துவிட்டன. கடைசிக் காலத்தில் மனைவியின் பேனாதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1856இல் ஃபிளோரிடாவின் மரியானாவில் முதலில் மனைவி கண்ணை மூடினார், பிறகு கணவர்.

ஹென்ட்ஸ் சிலந்திகளைப் பிரித்தது கண்ணைப் பார்த்து. எட்டுக் கண், அவை எத்தனை வரிசை, எது பெரிசு, எது கோணல் என்பதைப் பார்த்துக் குலம் சொன்னார். வண்ணமும் பட்டையும் மேலதிக சாட்சி. அந்தக் காலத்துக்கு அது நியாயமான முறைதான். ஆனால் தரையில் ஓடுகிற, இரண்டு வரிசைக் கண் வைத்த, வலை கட்டாத பூச்சி எது அகப்பட்டாலும் அவர் ஹெர்பில்லஸில் போட்டுவிட்டார். விளைவு, அந்தப் பேரினம் நம் வீட்டுப் பரண் ஆகிவிட்டது. முதுகில் இரட்டைக் கோடு போட்ட ஒன்று, ஹெர்பில்லஸ் பைலினியாட்டஸ். எறும்பு வேஷம் கட்டித் திரிகிற கும்பல் ஒன்று, டெஸ்க்ரிப்டஸ், குரோகேட்டஸ், லாங்கிபால்பஸ் என்று வரிசையாக, அத்தனையும் ஹெர்பில்லஸ். இவற்றில் எறும்பு வேஷதாரிகள் தரைச் சிலந்திக் குடும்பமே கிடையாது. இன்று அவை காஸ்டியானெய்ரா பேரினத்தில், வேறு குடும்பத்தில் குடியிருக்கின்றன. இரட்டைக் கோட்டுக்காரர் செசோனியாவுக்குப் போய்விட்டார். அடுத்த நூற்றைம்பது வருஷம் ஆளாளுக்கு ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்ததுதான் இந்தப் பேரினத்தின் வரலாறு.

இதற்கிடையில் பாரிஸில் உட்கார்ந்தபடியே ஒருவர் அமெரிக்கச் சிலந்திகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஷார்ல் அதனாஸ் வால்கனேர் பிரபு. நியேவ்ர் மாவட்டத்துக்குக் கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர், லா ஃபோந்தேனின் வாழ்க்கை வரலாறு எழுதியவர், கல்விக்கழகச் செயலாளர். மீதி நேரத்தில் சிலந்தி. ஜார்ஜியாவில் காட்டுக்குள் குடியிருந்த ஜான் அப்பட் என்ற லண்டன்காரர் பூச்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளுவார். 1792இல் அவர் வரைந்த சிலந்திப் படங்களின் தொகுப்பு வால்கனேரிடம் போய்ச் சேர்ந்தது. பிரபுவுக்கு ஆனந்தம். பூச்சி எதற்கு, படம் போதாதா? ஃபோட்டோவைப் பார்த்துப் பெண் நிச்சயம் செய்கிறவர்கள்கூட ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இவர் அந்தச் சிரமமும் இல்லாமல் 1837இல் வெளியிட்ட புத்தகத்தில் படத்தைப் பார்த்தே இனங்களை வாரி வழங்கினார். நம் பாதிரியாருக்கும் ஒரு புதுப்பெயர் விழுந்தது, வாசிஃபர் என்று. கழுத்துப் பட்டையாக ஹென்ட்ஸ் கண்டதைப் பிரபு பூஜாடியாகக் கண்டார்.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பூஜாடி சாகவில்லை. ஹென்ட்ஸின் 1832 முந்தியதாக இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த புத்தகங்களில் நம்மவர் வாசிஃபர் என்றே நடமாடினார். யூட்டா பல்கலைக்கழகத்து சேம்பர்லினும் ஐவியும் அப்பட்டின் படங்களையும் ஜார்ஜியாச் சிலந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்த்து 1944இல் ஒரு நூலே போட்டார்கள். பொருந்திய இடமெல்லாம் வால்கனேரின் பழைய பெயருக்கு மறுவாழ்வு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தொட்டுவைத்த வண்ணப்புள்ளி, பூச்சியின் ரோமமா, தூரிகையின் பிசிறா என்பதைப் பொறுத்து ஓர் இனத்தின் பெயர் நின்றது, விழுந்தது.

ஹென்ட்ஸின் சிலந்திகளோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிதறிக் கிடந்த எழுத்துகளை ஒன்றாக்கி 1875இல் பாஸ்டன் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஒரு நூல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் எட்வர்டு பர்ஜஸ். இவர் பூச்சியியல் பாடம் எடுத்தவர். பிறகு பூச்சியை விட்டுவிட்டுப் பாய்மரப் படகு வடிவமைக்கப் போனார். 1885, 1886, 1887, மூன்று வருஷம் தொடர்ச்சியாக அமெரிக்கா கோப்பையைக் காப்பாற்றிய படகுகள் அவர் வரைந்தவை. அந்த நூலுக்குக் குறிப்பு எழுதிய ஜேம்ஸ் எமர்ட்டன் இன்னொரு ரகம். சிலந்தியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து மயிர் பிசகாமல் வரைவார். அருங்காட்சியகங்களுக்காக ராட்சதக் கணவாய் மீனைக் காகிதக்கூழில் நிஜ அளவில் செய்தும் கொடுப்பார். பாதிரிச் சிலந்தியின் சபையில் முழுநேர ஊழியர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் அதே சமயம் வேறொரு குடுமிப்பிடி. பாதிரியாரின் உறவுக்காரச் சிலந்திகளுக்கு கோக் என்ற ஜெர்மானியர் மெலனோஃபோரா என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரை 1803இலேயே ஓர் ஈ எடுத்துக்கொண்டுவிட்டது. விலங்குகளில் ஒரு பேரினப் பெயரை இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியாது, முந்தினவருக்குத்தான் பட்டா. மியூனிக்கில் கிஸ்டல் என்பவர் 1848இல் மேல்வகுப்புப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு விலங்கியல் புத்தகம் எழுதினார். போகிற போக்கில் அதிலேயே கணக்கில்லாத பேரினங்களுக்குப் பெயரை மாற்றிப்போட்டார். சிலந்திக்கு அவர் கொடுத்த மாற்றுப்பெயர் ஜெலோட்டஸ், அதாவது மதவெறியர். பள்ளிப் பாடப்புத்தகத்தை எந்த விஞ்ஞானி படிப்பார்? 1872இல் இன்னொரு கோக், லுட்விக் கோக், அதே சிலந்திகளுக்கு ப்ராஸ்தெசிமா என்று மறுபடி ஒரு பெயர் வைத்தார். ஹென்ட்ஸின் பாதிரியாரையும் கொண்டுபோய் அதற்குள் தள்ளினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் ப்ராஸ்தெசிமா எக்லீசியாஸ்டிகா. பிறகு கிஸ்டலின் புத்தகத்தை யாரோ தூசு தட்டினார்கள், ஜெலோட்டஸ் மீண்டது, ப்ராஸ்தெசிமா போயிற்று. பாதிரியார் தம் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மதவெறியரும் பாதிரியாரும் இன்றைக்கும் ஒரே குடும்பம், தனித்தனிக் குடித்தனம்.

பரணைச் சுத்தம் செய்ததில் பெரும்பங்கு இரண்டு பேருக்கு. முதலாமவர் பிரான்ஸின் யூஜீன் சிமோன். அவர் 1890களில் செசோனியா, செர்ஜியோலஸ் என்று தனித்தனி அறை கட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ், நிஜமான கிராமத்துப் பாதிரியார், பிளாக்ஸ்வொர்த் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்துவிட்டு மற்ற நாள்களில் மத்திய அமெரிக்கச் சிலந்திகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பரணைச் சுத்தம் செய்த இரண்டாமவர் ரால்ஃப் வேரி சேம்பர்லின்.

சேம்பர்லின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்த மார்மன். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைத் தலைவராக வந்தவர், டார்வின் பிறந்து நூறு வருஷம் ஆனதை 1909இல் கொண்டாடினார். கொண்டாட்டம் என்றால் ஒளித்து மறைத்து அல்ல, பகிரங்கமாக. வேதமும் பரிணாமமும் சண்டை போடவேண்டியதில்லை என்பது அவர் கட்சி. திருச்சபைப் பெரியவர்களுக்கு வேறு கட்சி. 1911இல் ‘பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்காதே, இல்லையென்றால் போ’ என்ற நிலைமை வந்தது. மாணவர்கள் பெரும்பாலோர் பேராசிரியர்கள் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துக்கு மரியாதை எந்த ஊரில் உண்டு? சேம்பர்லின் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினார். ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் சிலந்தி, பூரான், புழு ஆகியவற்றுக்குக் காப்பாளர் ஆனார். அங்கிருந்துதான் 1922இல் வட அமெரிக்க நாஃபோசிடே பற்றிய கட்டுரை. சபையிலிருந்து வெளியே வந்தவர் சிலந்திகளுக்குச் சபை சபையாகப் பிரித்துக் கொடுத்தார்: ஹேப்லோட்ராஸஸ், ஓரோட்ராஸஸ், ட்ராசில்லஸ், லிட்டோபில்லஸ், நோடோசியன். ஒரே கட்டுரையில் இத்தனை. ஆயுசுக்கும் அவர் வைத்த இனப் பெயர்கள் ஆயிரக்கணக்கில். அத்தனையும் நின்றுவிட்டன என்று சொல்ல முடியாது. பெயர் வைப்பதில் அவருக்குக் கை நிற்காது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் விரசம். பாதிரியார் சம்பந்தப்பட்டது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிலந்தியை அடையாளம் காண உடுப்பு உதவாது. முதுகுப் பட்டை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், ஊருக்கு ஊர் மாறும், சாராயத்தில் போட்டால் வெளுத்துப்போகும். இனத்துக்கு இனம் பிசகாமல் வேறுபடுவது இனப்பெருக்க உறுப்பு ஒன்றுதான். ஆண் சிலந்திக்கு முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கை. நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீங்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு சின்னத் துண்டு வலை நெய்து, அதில் விந்துத் துளியை விட்டு, அந்தக் கைகளில் உறிஞ்சிச் சேமித்துக்கொண்டு புறப்படுவார். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் முன்பக்கம் கெட்டியாக ஒரு தகடு, அதில் குழிவும் மடிப்புமாக ஒரு வாசல். இந்தக் கையின் கொக்கியும் முள்ளும் அந்த வாசலில் சரியாகப் பொருந்தவேண்டும். ஆகவே எக்லீசியாஸ்டிகஸ்தானா என்று தீர்மானிக்க வேண்டுமென்றால் அங்கியைப் பார்த்துப் பயனில்லை. அங்கியைத் தூக்கித்தான் பார்க்கவேண்டும். வயசுக்கு வராத குஞ்சு என்றால் அதற்கும் வழியில்லை, குப்பியில் பேரினம் மட்டும் எழுதி வைத்துவிடுவார்கள்.

வேலை எப்படி என்றால், பெண்ணின் தகட்டை ஊசிமுனையால் வெட்டியெடுத்துக் கிராம்புத் தைலத்தில் போடுவார்கள். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிறோமே, அதேதான். கொஞ்ச நேரத்தில் தசை கண்ணாடியாகி உள்ளே சுருண்டு கிடக்கும் குழாய்கள் தெரியும். ஆணில் இடது கையை வரைவதே மரபு, அப்போதுதான் ஒருவர் படத்தை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட முடியும். ஹென்ட்ஸ் இந்தப் பக்கமே கவனம் செலுத்தவில்லை. கண்களை வரைந்தார், கால்களை வரைந்தார், பட்டையை வரைந்தார். வீட்டில் அத்தனை சந்தேகப்பட்டவர் சிலந்திகள் விஷயத்தில் இவ்வளவு கண்ணியமாக இருந்திருக்கவேண்டாம்.

அந்தக் கண்ணியத்தின் கடனை அடைத்தவர்கள் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நார்மன் பிளாட்னிக்கும் முகமது ஷதாபும். பிளாட்னிக் பன்னிரண்டு வயசில் கல்லூரியில் நுழைந்தவர், பதினாறில் பட்டம், 1973இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கும்போது வயசு 21. நம்மில் பலர் அரியர் எழுதிக்கொண்டிருக்கிற வயசு. அருங்காட்சியகத்தில் சேர்ந்ததும் ஷதாபோடு உட்கார்ந்து வட அமெரிக்கத் தரைச் சிலந்திகளைப் பேரினம் பேரினமாகக் கிராம்புத் தைலத்தில் முக்கி எடுத்தார். 1975இல் நாஃபோசா, ஹேப்லோட்ராஸஸ். 1976இல் ட்ராசோடெஸ். 1977இல் ஹெர்பில்லஸ். அப்புறம் செசோனியா, செர்ஜியோலஸ், ட்ராசில்லஸ், 1983இல் ஜெலோட்டஸ். 1977 திருத்தத்தில்தான் பரண் ஒழுங்காகக் காலியாயிற்று. ஹெர்பில்லஸ் என்றால் இன்னின்ன உறுப்பமைப்பு உள்ளது மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். பூஜாடியை இறக்கிவைத்துவிட்டு எக்லீசியாஸ்டிகஸ் என்ற பட்டத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள். மேற்குக் கரைப் பக்கத்தில் திரிகிற, கெய்சர்லிங் பிரபு 1887இல் பெயரிட்ட புரோப்பின்குவஸ் மேற்கத்திப் பாதிரியாராக நின்றது. இன்று பேரினத்தில் சுமார் 30 இனம், பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும்.

குடும்பத் தகராறு மட்டும் ஓயவில்லை. முன்பு ட்ராசிடே என்று அழைத்தார்கள், பிறகு நாஃபோசிடே என்றார்கள். அந்தப் பெயருக்குரிய பெருமையை வெகுகாலம் போகாக்குக்கு, 1898 என்று, கொடுத்திருந்தார்கள். இப்போது நேத்தன் பேங்ஸுக்கு, 1892 என்று, மாற்றிவிட்டார்கள். 2018இல் பக்கத்துக் குடும்பமான புரோடிடோமிடேயைச் சேர்த்துக்கொண்டார்கள். 2022இல் பாகப்பிரிவினை செய்து வெளியே அனுப்பினார்கள். பூச்சிகளுக்கு இதில் நோட்டீஸ் எதுவும் போகவில்லை.

பிளாட்னிக் 2014 வரை தொகுத்துவந்த உலகச் சிலந்திப் பட்டியலை இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகம் பார்த்துக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் அது ஐம்பதாயிரமாவது இனத்தைத் தொட்டது. அதில் ஒரு விதி உண்டு. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் அதை வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருந்தால் அவர் பெயரைச் சும்மா எழுதுவார்கள். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் அவர் பெயருக்கு அடைப்புக்குறி போடுவார்கள், குடிமாறிப் போன வீட்டு வாசலில் பழைய விலாசம் எழுதிவைக்கிற மரியாதை. ஹென்ட்ஸ் பரணில் போட்டவை பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான் கிடக்கின்றன: செசோனியா பைலினியாட்டா (ஹென்ட்ஸ், 1847), காஸ்டியானெய்ரா டெஸ்க்ரிப்டா (ஹென்ட்ஸ், 1847), காஸ்டியானெய்ரா குரோகேட்டா (ஹென்ட்ஸ், 1847). ப்ராஸ்தெசிமாவில் தங்கியிருந்த நாள்களில் பாதிரியாருக்கும் அந்தக் குறி விழுந்திருந்தது. இப்போது அவர் பதிவு ஹெர்பில்லஸ் எக்லீசியாஸ்டிகஸ் ஹென்ட்ஸ், 1832. அடைப்புக்குறி கிடையாது.